செவியும் சேய்மையும்



வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையவில்லை. கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு என்பது இன்னதென்று அறியும் முன்னரே குழந்தை தன் தாய்மொழியைச் செவி வழியாகக் கற்றுவிடுகிறது. பள்ளிக்கு வந்த பின்னரும் ஆசிரியர் சொல்வதைக் கேட்டே அது பெரும்பகுதியைக் கற்கிறது. ஆகவே செவிக்கு வரும் ஊறு உடலுக்கு வரும் ஊறு மட்டுமன்று. கல்விக்கு வரும் ஊறும் ஆகும். இத்தகைய செவியில் தோன்றும் சீழ்நோயை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான், நெடுந்தொலைவிலுள்ள மருத்துவரின் துணையை அதற்கு எவ்வாறு பெறலானான் என்ற இரு வரலாறுகளையும் இணைத்து இன்று சில செய்திகளைக் கூற விழைகிறேன்.

காது வலியில் கூறத்தக்க வரலாறு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். பிரெஞ்சு நாட்டு மன்னன் இரண்டாம் பிரான்சிசின் கதையைக் கேளுங்கள். 1559இல் அவன் அரியணை ஏறியபோது வயது பதினைந்து. மறு ஆண்டு நவம்பரில் ஆர்லியன்ஸ் நகரில் தங்கியிருந்தபோது அவனுக்குக் காதில் கடும் நோய் கண்டது. அக்காலத்தில் அறுவை மருத்துவத்தில் தலைசிறந்தவராக விளங்கிய அம்புருவாஸ் பாரே அவனருகிலேயே இருந்தார். எனினும் பயனில்லை. 1560 டிசம்பர் 5ஆம் நாள் மன்னன் மாண்டான். காதில் எழுந்த சீழ் தலைக்குள் பரவியதே காரணம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். அவனுக்குப் பின் பத்து வயதுத் தம்பி அரசனாக, தாய் கேதரின் டி மெடிசியின் கைக்கு அதிகாரம் மாறிற்று. அவனுடைய இளம் மனைவியோ ஸ்காட்லாந்து அரசி மேரி. கணவனை இழந்த அவள் 1561இல் தன் நாடு திரும்பினாள். பல துன்பங்களுக்கு ஆளாகி, 1587இல் இங்கிலாந்தில் தலை கொய்யப்பட்டாள். ஒரு சிறுவனின் காதில் திரண்ட சீழ் இரண்டு நாடுகளின் வரலாற்றைத் திசை திருப்பிவிட்டது அன்றோ!

பாரே போன்ற ஒருவர் அருகிலிருந்தும் ஏன் ஒன்றும் செய்ய இயலவில்லை? காதின் உள்ளே நிகழ்வதைக் காணும் வழி அன்று இல்லை என்பதே விடை. நம் காது மூன்று அறைகளைக் கொண்ட வீடு போன்றது. வெளியிலிருந்து செவிப்பறை வரையில் உள்ளது புறச்செவி. பறைக்கு அப்பால் மூன்று சிற்றெலும்புகள் அமைந்த காற்றறை நடுச்செவி. அதற்கும் உள்ளே, நத்தைக் கூடு போன்ற உறுப்புடன் இருப்பது உட்செவி. நடுச்செவியிலிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு குழல் செல்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து நடுச்செவிக்குக் காற்றை அளிக்கிறது. சளி பிடிக்கும்போது இக்குழல் வீங்கி அடைபடுகிறது. அப்போது நடுச்செவியில் நீர் தேங்குகிறது, மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் அங்கே பெருகுகின்றன, சீழ் உண்டாகிறது. சீழ் பறையை அழுத்தும்போது வலி பொறுக்க முடியாததாகிறது. சில வேளைகளில் பறை கிழிந்து சீழ் வெளியே வடிகிறது. வடிந்ததும் வலி தணிகிறது. குழந்தைகளின் குழல் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருப்பதால், பெரியோரைவிட அவர்களுக்கே இந்நோய் மிகுதியாக வருகிறது.

நோய் பழமையானது, அதைப் பற்றிய குறிப்புகளும் பழமையானவை. கி.மு. 1550ஐ ஒட்டிய எபர்ஸ் பாப்பிரசு என்னும் எகிப்திய ஏட்டில் காதில் வடியும் நீருக்கு மருந்துகள் கூறப்பட்டுள்ளன. கடுங்காய்ச்சலோடு கூடிய காது வலி உயிருக்கு ஆபத்தானது என்பதைக் கிரேக்க நாட்டு இப்போகிரேத்திசின் வழிவந்தோர் கண்டறிந்திருந்தனர். நம் நாட்டுச் சுசுருத சம்கிதை காது நோய்களை இருபத்தெட்டாக வகுத்து, சீழ் வடியும் காதையும் துர்நாற்றம் வீசும் காதையும் வேறுவேறாகப் பிரித்துரைக்கிறது. வெளியே தெரிவதை முன்னோர் எவ்வளவு நுட்பமாக நோக்கினர் என்பதற்கு இவை சான்று. ஆயினும் பறைக்கு அப்பால் உள்ளது இருளாகவே இருந்தது.

அவ்விருள் படிப்படியாக விலகிற்று. பிரெஞ்சு மன்னன் மாண்ட அதே பத்தாண்டில்தான், உரோமாபுரியில் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி என்னும் உடற்கூற்று அறிஞர் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழலைத் தெளிவாக விளக்கி எழுதினார். 1704இல் இத்தாலி நாட்டு வால்சால்வா மனிதச் செவியைப் பற்றித் தனி நூலே இயற்றி, அக்குழலுக்கு யூஸ்டாக்கியின் பெயரை வழங்கினார். அப்பெயரே இன்றும் நின்று நிலவுகிறது.

அறிவு வளர்ந்தது என்றவுடன் மருத்துவமும் உடனே வளர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. காதின் பின்புறம் மேடாகத் தட்டுப்படும் எலும்பினுள் தேன்கூடு போன்ற காற்றறைகள் உள்ளன. நடுச்செவியின் சீழ் அங்கே புகுந்தால் அங்கிருந்து மூளையுறைக்குப் பரவக்கூடும். அவ்வெலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் அறுவையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிலர் செய்து பார்த்தனர். டென்மார்க்கு அரசவை மருத்துவர் ஃபான் பெர்கர் என்பவர், சீழுக்காக அன்றித் தம் செவிட்டுத்தன்மை நீங்க வேண்டும் என்பதற்காக இவ்வறுவையைச் செய்துகொண்டு, 1791இல் உயிரிழந்தார். பொருந்தாத நோய்க்குச் செய்த அறுவை தோற்றது. பழியோ அறுவையின் மேல் விழுந்தது. அதன் பின் நெடுங்காலம் மருத்துவர்கள் அதைத் தொட அஞ்சினர். 1873இல்தான் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஹெர்மன் சுவார்ட்சே, அவ்வறுவையை எப்போது செய்ய வேண்டும், எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை முறைப்படுத்தி வெளியிட்டார். ஒரு முறையைத் தவறான இடத்தில் பயன்படுத்தினால் அம்முறைக்கே கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பாடத்தை நினைவில் வையுங்கள். தொலைதூர மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது அது நமக்குப் பயன்படும்.

இதற்கிடையே காதை நோக்கும் கருவியும் உருவாயிற்று. நடுவில் துளையிட்ட கண்ணாடியால் வெளிச்சத்தைக் காதினுள் செலுத்தி, அத்துளை வழியே பறையைக் காணும் முறையை 1841இல் ஹோப்மன் என்னும் ஜெர்மன் மருத்துவர் கூறினார். 1855 முதல் ஃபான் டிரோல்ட்சு அதனைப் பரவச் செய்தார். நலமுள்ள பறை முத்துப் போன்ற சாம்பல் நிறத்தில் மின்னும். சீழ் தேங்கிய பறை சிவந்து வெளிப்புறம் புடைத்திருக்கும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் காணும் பேறு அப்போதுதான் பரவலாக மருத்துவர்க்குக் கிட்டியது.

எனினும் சாவு நின்றுவிடவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் சர் வில்லியம் வைல்டு என்ற புகழ்பெற்ற காது மருத்துவர் இருந்தார். 1853இல் காது நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பல நாடுகளிலும் மதிக்கப்பட்டது. காதின் பின்புறம் சீழ் கட்டும்போது செய்யும் கீறலுக்கு அவர் பெயரே வழங்கிற்று. அவர் மகன்தான் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு. சிறையிலிருந்தபோது ஆஸ்காரின் காது நோயுற்றது. 1900 அக்டோபரில் பாரிசு நகர விடுதி அறையிலேயே அவருக்குக் காதில் அறுவை செய்யப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில் அவர் இறந்தார். காதிலிருந்து மூளையுறைக்குப் பரவிய நோயே காரணம் எனப் பலரும் கருதுவர். தந்தை ஆயுள் முழுதும் போராடிய நோய் மகனைக் கொண்டு போயிற்று. கத்தியின் திறமை மட்டும் போதாது, கிருமியைக் கொல்லும் மருந்தும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அம்மருந்து இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. 1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1935இல் டோமாக் சல்பா மருந்துகளில் முதலாவதை உலகுக்கு அறிவித்தார். புளோரியும் செயினும் உழைத்ததன் பயனாக, இரண்டாம் உலகப் போரின் இறுதிக்குள் பெனிசிலின் பெருமளவில் பயனுக்கு வந்தது. அதுகாறும் மருத்துவமனைகளில் அடிக்கடி நிகழ்ந்த காதெலும்பு அறுவை அதன் பின் அருகிவிட்டது. இப்போது மற்றோர் உண்மையும் தெளிவாகியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளின் காது வலி இரண்டு மூன்று நாட்களில் தானே தணியும். ஆகவே, ஆறு மாதத்திற்கு மேற்பட்ட, நோய் கடுமையாக இல்லாத குழந்தைகளுக்கு வலி நீக்கும் மருந்தை மட்டும் கொடுத்து, 48 முதல் 72 மணி நேரம் கவனித்த பின் கிருமிக்கொல்லி வேண்டுமா என்று முடிவு செய்யும் முறையை மருத்துவர் பலர் கையாளுகின்றனர். வேண்டாத இடத்தில் கொடுத்த மருந்து, வேண்டிய இடத்தில் வேலை செய்யாது போகும் நிலை உலகெங்கும் வளர்ந்து வருவதே இதற்குக் காரணம்.

இனி, இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம். மருந்து உண்டு; மருத்துவர் உண்டு; ஆனால் அவர் ஐம்பது கல் தொலைவில் இருக்கிறார். என் செய்வது?

தொலைபேசி 1876இல் காப்புரிமை பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1879இல், இலண்டன் நகரத்து மருத்துவ இதழான லான்செட் ஒரு செய்தியை வெளியிட்டது. நள்ளிரவில் குழந்தைக்குக் கடும் இருமல். தொண்டை அடைப்பு நோயோ என்று வீட்டார் அஞ்சினர். மருத்துவர், குழந்தையைத் தொலைபேசியருகே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் இருமலைக் கேட்டு, அஞ்சிய நோய் அன்று எனக் கூறி அனைவரையும் உறங்கச் செய்தார். 1905இல் ஆலந்து நாட்டு ஐந்தோவன், மருத்துவமனையில் கிடந்த நோயாளியின் இதயத் துடிப்பை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் கம்பி வழியே பதிவு செய்தார்.

வானொலியும் இத்தொண்டில் பின்தங்கவில்லை. நடுக்கடலில் நோயுறும் மாலுமிகளுக்கு வானொலி வழியே மருத்துவ ஆலோசனை கூறுவதற்காக 1935இல் உரோமாபுரியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. வானொலியின் தந்தையருள் ஒருவரான மார்க்கோனியே அதன் முதல் தலைவராக அமர்ந்தார். ஆஸ்திரேலியாவின் உட்புறப் பாழ்நிலங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல பத்துக் கல் தொலைவு இருக்கும். அங்கே 1928இல், குயின்ஸ்லாந்து மாநிலத்துக் குளோன்கரி என்னுமிடத்தில், ஜான் பிளின் என்ற பாதிரியார் விமான மருத்துவப் பணியைத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத வீடுகளுக்காக, காலால் மிதித்து இயக்கும் வானொலியை டிரேகர் என்ற பொறியாளர் ஆக்கித் தந்தார். 1942 முதல், மருந்துகள் எண்ணிட்டு அடுக்கப்பட்ட ஒரே வகைப் பெட்டி வீடுகளுக்கு வழங்கப்பட்டது. மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்ல, தாய் பெட்டியைத் திறந்து அந்த மருந்தை எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பாள். மருந்தின் பெயரைப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றி மருந்து கொடுக்கச் செய்த எளிய ஏற்பாடு அது!

ஒலி சென்ற வழியே பின்னர் உருவமும் சென்றது. 1968இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், விமான நிலையத்திலிருந்த மருத்துவ அறையையும் நகரத்துப் பெரிய மருத்துவமனையையும் தொலைக்காட்சியால் இணைத்து நோயாளிகளைப் பார்த்தனர். நம் நாட்டில் 2000 மார்ச்சு 24ஆம் நாள் ஆந்திர மாநிலத்து அரகொண்டா சிற்றூரில் தொலைமருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. 2001 முதல் நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தொலைதூர மருத்துவமனைகளை இணைக்கத் தொடங்கிற்று.

காதின் வரலாறும் சேய்மையின் வரலாறும் ஒன்று சேர்ந்த இடம், பனி சூழ்ந்த அலாஸ்கா. அங்குள்ள பழங்குடிக் குழந்தைகளிடையே காது நோய் மிகுதி. சிற்றூர்கள் பலவற்றுக்குச் சாலையே இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு முறை பரவலாயிற்று. சிற்றூர் நலப்பணியாளர், சிறு ஒளிப்படக் கருவி பொருத்திய நோக்கியைக் குழந்தையின் காதில் வைத்துச் செவிப்பறையைப் படமெடுத்து அனுப்புவார். நகரத்திலுள்ள காது மருத்துவர் தமக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் அதனைப் பார்த்து வழி கூறுவார். பிளினின் விமானம் பறந்த அதே குயின்ஸ்லாந்திலும், செர்பர்க் என்னும் பழங்குடி ஊரில் 2009 முதல் ஓர் ஊர்தி பள்ளிகளுக்கே சென்று குழந்தைகளின் காதைச் சோதித்து, முடிவுகளைப் பிரிஸ்பேன் நகரத்து வல்லுநர்களுக்கு அனுப்பலாயிற்று.

இச்செய்திகளை நான் ஏன் இவ்வளவு ஆர்வத்துடன் திரட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, மாணவன் கவனிக்கவில்லை என்று முடிவு செய்யும் முன் அவனுக்குக் காது கேட்கிறதா என்று பார் என்பது. நான் தலைமையாசிரியனாக இருந்த சிற்றூரில், ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி, கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ விடை சொல்வாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பர். அவள் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. வலக் காதிலிருந்து ஆண்டுக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவளை முன் வரிசையில், இடக் காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு அமர்த்திவிட்டு, தாயை வரவழைத்தேன். “வலி இல்லையே ஐயா, நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்” என்றார் அந்த அம்மையார். வலி இல்லை என்பதே நாட்பட்ட சீழ்நோயின் வஞ்சகம். மாவட்ட மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று வர அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மருந்து இட்டுக் காதை உலரச் செய்வதற்கும், பின் ஓட்டை விழுந்த பறையை அறுவையால் அடைப்பதற்கும் எத்தனையோ முறை செல்ல நேர்ந்தது. கேள்வி முழுமையாக மீளவில்லை; ஆனால் சீழ் நின்றது; படிப்பும் தொடர்ந்தது. அப்பயணங்களுள் பாதி, மருத்துவர் சில கேள்விகளைக் கேட்டு “இன்னும் இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்று கூறுவதற்காக மட்டுமே நிகழ்ந்தவை. அந்தக் கேள்விகள் வீட்டிற்கே வந்திருந்தால் எத்தனை நாள் கூலி எஞ்சியிருக்கும்!

அத்தகைய வசதி இன்று வந்துள்ளது. 2020 மார்ச்சு 25ஆம் நாள் இந்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை விதிகளை வெளியிட்டது. அடுத்த மாதமே, வீட்டிலிருந்தவாறு அரசு மருத்துவரை இணையத்தில் கலந்து பேச உதவும் இ-சஞ்சீவனி சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2023 பிப்ரவரிக்குள் அதன் வழியே பத்துக் கோடி ஆலோசனைகள் நிறைவுற்றன. அதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று.

ஊரடங்கு நாட்களில் என் அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் காது வலி கண்டது. கைப்பேசித் திரையில் தோன்றிய மருத்துவர், எத்தனை நாளாக வலி, காய்ச்சல் உண்டா, நீர் வடிகிறதா, கேட்பது குறைந்ததா, தலை சுற்றுகிறதா, காதில் எதையேனும் ஊற்றினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பின், சிறுவனின் தலையைத் திருப்பிக் காதின் பின்புறத்தைக் காட்டச் சொன்னார். அங்கே சிவந்த வீக்கம் இருந்தது. காது மடல் முன்னோக்கித் தள்ளப்பட்டிருந்தது. அவர் மருந்து எழுதவில்லை. “இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், நேரம் கடத்தாதீர்கள்” என்றார். அன்றே சேர்த்தனர், சிறுவன் பிழைத்தான். திரையில் கிடைத்த மிகச் சிறந்த மருத்துவம், திரையை விட்டு எழுந்து செல்லுங்கள் என்ற அந்தச் சொல்லே ஆகும்.

ஆகவே, இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே அறிதல் வேண்டும். நோயின் வரலாற்றைக் கேட்டல், அவசரமா அன்றா என்று பிரித்தல், வலிக்கு மருந்து கூறல், மறுமுறை விசாரித்தல் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே செய்யலாம். ஆனால் சாதாரணக் கைப்பேசியால் செவிப்பறையைக் காண முடியாது. அழுக்கையும் சீழையும் துடைத்தெடுக்க முடியாது. பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகள் உட்செவிக்கே தீங்கு செய்யும். ஆதலால் காணாமல் சொட்டு மருந்து இடுவது அறிவுடைமை அன்று. காதின் பின்புற வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், கழுத்து விறைப்பு, கடுந்தலைவலி, வாந்தி, மயக்கம், தலைசுற்றல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கைப்பேசியைத் தேடாமல் மருத்துவமனையைத் தேடுங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலி என்றால் நேரிற் காட்டுவதே முறை.

ஆலோசனை கூறுபவர் பதிவு பெற்ற மருத்துவர்தாமா என்று பாருங்கள். அவர் எழுதும் மருந்துச் சீட்டில் பதிவெண் இருத்தல் வேண்டும் என்பது விதி. சீட்டின்றிக் கிருமிக்கொல்லி வாங்காதீர்கள். கொண்டை ஊசி, கோழியிறகு, பஞ்சுக் குச்சி எதனையும் காதில் நுழைக்காதீர்கள். காதில் எண்ணெய் விடாதீர்கள். சீழ் வடியும் காதில் தண்ணீர் புகாமல் காத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அதன் அருகில் எவரும் புகைபிடிக்க விடாதீர்கள். காது நோய்க்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கஸ் தடுப்பூசி, 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குழந்தைகளின் செவிக் குறைபாட்டில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு தடுக்கக்கூடியதே. இதை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத தோழன் ஒருவன் இருந்தால், அவனைப் பார்த்து நகைக்காதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிரெஞ்சு மன்னனுக்கு மருத்துவர் அருகிலிருந்தார், அறிவு எட்டவில்லை. நம் சிற்றூர்க் குழந்தைகளுக்கோ அறிவு உலகில் இருந்தது, மருத்துவர் எட்டவில்லை. இவ்விரு குறைகளையும் நீக்க நானூற்றறுபது ஆண்டுகளாகப் பல நாட்டார் உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பின் பயன் இன்று உங்கள் கையிலுள்ள கருவி வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டு யாருக்கு உதவுவது, எப்போது அதை வைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு நடப்பது என்று தெரிந்து செயற்படுவது உங்கள் பொறுப்பு.